செலீன் இடம் மாற்றிய வினாத்தாள்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் யோகராஜ் சேரின் கணித வகுப்பு நிலையம் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதில் பதினேழு வருடமாக வேலை செய்தவள் செலீன். அவளுடைய பதவி என்ன என்று கேட்டால் அங்கே யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. வினாத்தாள் தட்டெழுதுவாள், பிள்ளைகளின் வரவு பதிவாள், போட்டோக் கொப்பி மெசினுக்குள் சிக்கிய தாளை இழுத்தெடுப்பாள், பெற்றோரின் தொலைபேசிக்குப் பதில் சொல்வாள். எந்தச் சிக்கல் வந்தாலும் "செலீன் மிஸ்ஸிட்டக் கேளுங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள்.

வீடு கொட்டாஞ்சேனையில். கணவன் கிளறன்ஸ் துறைமுகத்தில் கொள்கலன்களின் இலக்கம் பதியும் வேலை செய்தான். பிள்ளைகள் இல்லை, அதைப்பற்றி அவள் யாரிடமும் பெரிதாகக் கதைத்ததில்லை. காலையில் கோட்டை வரை பஸ், அங்கிருந்து கடலோர ரயில். பின்னேரம் அதே வழியில் திரும்பி வருவாள். கணினியை அவள் ஒரு பள்ளியிலும் படிக்கவில்லை. பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் முதல் தடவை கணிதத்தில் தவறியவள். நாலு தோழிகளுக்கு ஒரே ஒரு கடந்தகால வினாத்தாள் புத்தகம் என்றிருந்த காலம் அது. முறை வைத்துப் பார்த்ததில் அவளுடைய முறை வருமுன்னே சோதனை வந்துவிட்டது. அப்படிப்பட்டவள் பிறகு எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்குக் கணக்கு வினாத்தாள் தட்டெழுதினாள் என்பதை நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வரும்.

கொரோனா வந்து வகுப்புகள் மூடப்பட்ட வருடம், யோகராஜ் ஒரு கம்பனியைப் பிடித்து நிலையத்துக்கு ஓர் இணையத்தளம் செய்வித்தார். வினாத்தாள்களும் விடைகளும் அதில் ஏறும், பிள்ளைகள் தொலைபேசியில் இறக்கிப் படிப்பார்கள். அது இருந்த சேர்வர் வெளிநாட்டில் எங்கோ ஓடிய வாடகைக் கணினி. விண்டோஸில் இயங்கியது. செலீனுக்கு அது வசதியாக இருந்தது. தன் திரையில் ஒரு பெட்டியைத் திறந்தால் அதற்குள் அந்தத் தூரத்துக் கணினி தெரியும். அவளுக்குப் பழகிய அதே சின்னங்கள், அதே மவுஸ். கையால் பிடித்து இழுத்து வைப்பதுபோல வினாத்தாள்களை அடுக்கினாள். இரண்டு வருடத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது தாள்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தவளும் அவள்தான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு மார்ச்சில் இரண்டு அடி ஒன்றாக விழுந்தன. முதலாவது, கடதாசி. கடைகளில் தாள் கட்டு கிடைக்கவில்லை. பாடசாலைகளே தவணைச் சோதனையைத் தள்ளிப்போட்டன. மே கடைசியில் சாதாரண தரப் பரீட்சை என்று அறிவித்திருந்தார்கள். நிலையத்தில் எழுநூறு பிள்ளைகள் அதற்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அச்சடிக்க வழியில்லை என்றால் இணையத்தளம்தான் கதி. அந்த வாரமே கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. சேர்வர் வாடகையும் விண்டோஸ் லைசன்ஸும் டொலரில் போகிறது, டொலர் ஏறிய ஏற்றத்துக்குப் பழைய விலையில் தர முடியாது, ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டவேண்டும், இல்லாவிட்டால் ஏப்ரல் முப்பதாம் திகதியோடு சேர்வர் அழிக்கப்படும் என்று அதில் இருந்தது.

யோகராஜ் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒரு வாடகை ஹோலில் பன்னிரண்டு பிள்ளைகளோடு தொடங்கிய மனிதர். பதறிப் பேசுகிறவர் இல்லை.

"எங்களால ஏலாது, செலீன்," என்றார். "மூடுவம்."

"கடதாசியும் இல்ல, வெப்சைட்டும் இல்லையெண்டா பிள்ளையள் எதைப் பாத்துப் படிக்கிறது, சேர்?"

வேறு வழி இருக்குமா என்று விசாரிக்க ஏப்ரல் முடியும்வரை தனக்குத் தவணை தரச்சொல்லி அவள் கேட்டாள். அவர் தலையாட்டினார். மூடினால் அவளுடைய வேலையும் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை செலீன் கொம்பனித்தெருவுக்குப் போனாள். அங்கே ஸாலிஹ் என்பவர் கணினி திருத்தும் கடை வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நிலையத்துக் கணினிகளை வருடக்கணக்காகத் திருத்தியவர், வாயும் கையும் நேர்மையானவை. செலீன் தன் மடிகணினியைத் திறந்து அந்தச் சேர்வருக்குள் இருந்த கோப்புகளைக் காட்டினாள். ஸாலிஹ் கொஞ்ச நேரம் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"இத எழுதியிருக்கிறது விண்டோஸ நம்பி இல்லக்கா," என்றார். "இது லினக்ஸ்லயும் ஓடும். கம்பனிக்காரருக்கு விண்டோஸ் பழக்கம், அதான் அதில வெச்சிருக்காங்க."

லினக்ஸ் என்ற பெயரை அவள் கேள்விப்பட்டிருந்தாள். கெட்டிக்காரர்களின் விஷயம் என்று ஒதுக்கி வைத்திருந்தாள். ஸாலிஹ் விளக்கினார். விண்டோஸ் ஒரு கம்பனி செய்து, லைசன்ஸ் போட்டு விற்கும் இயங்குதளம். லினக்ஸ் பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்க்கவும் மாற்றவும் திறந்து வைத்த இயங்குதளம். அதற்கு லைசன்ஸ் பணம் இல்லை. உள்ளூரிலேயே ரூபாயில் வாடகைக்குச் சேர்வர் தருகிற இடங்கள் உண்டு. அவற்றில் மிகச் சின்னதை எடுத்தாலும் லினக்ஸ் போதிய மெமரியை இணையத்தளத்துக்கு விட்டுவைக்கும். அதே சின்னக் கணினியில் விண்டோஸைப் போட்டால் மெமரியில் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும், பிள்ளைகளுக்கு மிஞ்சாது.

"பிழைச்சா நான் யாரிட்டக் கேக்கிறது?" என்றாள் செலீன்.

"இவ்வளவு நாளும் யாரிட்டக் கேட்டீங்க?"

யோசித்துப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் கம்பனிக்கு நாலு தரம் அழைத்திருக்கிறாள். இரண்டு தரம் பதில் கிடைத்தது. மற்ற இரண்டு தரமும் அவளே தேடிப் பிடித்துத் திருத்தியிருக்கிறாள்.

ஆனாலும் அவள் உடனே ஆம் என்று சொல்லவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து திரும்பும் ரயிலில் இருந்துகொண்டு, பிழையாக அச்சான ஒரு வினாத்தாளின் வெறும் பக்கத்தில் நடுவே கோடு கிழித்து எழுதினாள். விண்டோஸ் பக்கத்தில், தெரிந்த வேலை, மவுஸால் செய்யலாம், பணம் கொடுத்தால் பொறுப்புச் சொல்ல ஓர் ஆள் என்று எழுதினாள். மற்றப் பக்கத்தில், லைசன்ஸ் இல்லை, சின்னச் சேர்வர் போதும், இணையத்தில் கேட்டால் பதில் சொல்ல ஆட்கள் உண்டு, ஆனால் மவுஸ் இல்லாமல் கறுப்புத் திரையில் கட்டளை தட்டவேண்டும், பிழைத்தால் பொறுப்பு என்னுடையது என்று எழுதினாள். கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கொள்ளுப்பிட்டி கடந்ததைக் கவனிக்கவில்லை. பதினேழு வருடமாக எல்லாப் பொறுப்பும் தன்னுடையதாகத்தானே இருந்தது என்று கோட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது அவளுக்குத் தோன்றியது.

ஏப்ரல் முதல் வாரத்தில் லினக்ஸ் ஓடும் உள்ளூர் சேர்வர் ஒன்றை எடுத்தார்கள். கறுப்புத் திரை அவளை இரண்டு நாள் பயமுறுத்தியது. ஒரு புள்ளி கூடிப்போனால் கோபித்துக்கொள்ளும், இடைவெளி விடாவிட்டால் ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் ஒரு விஷயம் பிடிபட்டது: இது தட்டெழுத்து வேலை. தட்டெழுத்து அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. கட்டளைகளை ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் அது என்ன செய்யும் என்று தமிழில் குறித்துக்கொண்டாள். தினமும் மின்வெட்டு இருந்த காலம் என்பதால், மின்சாரம் இருக்கிற மணித்தியாலங்களைப் பார்த்துப் பார்த்துப் பழைய சேர்வரிலிருந்து தாள்களைப் புதியதற்கு மாற்றினாள். அதற்கே நாலு நாள் போயிற்று.

சனிக்கிழமை காலை, பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லாமல், புதிய சேர்வரில் தளத்தைத் தனியாகத் திறந்து பார்த்தாள். முகப்பு வந்தது. இரண்டாயிரத்துப் பத்தொன்பதின் தாள் வந்தது. மனம் குளிர்ந்தது. பிறகு பதினெட்டாம் ஆண்டுத் தாளை அழுத்தினாள். அப்படியொரு பக்கம் இல்லை என்றது. பதினேழு இல்லை. பதினாறு வந்தது. ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணியதில் நானூறுக்கு மேல் திறக்கவில்லை. பாதி வழியில் மின்சாரம் போனதால் கெட்டுவிட்டதோ என்று திறக்காத பத்துத் தாள்களை மறுபடி மாற்றினாள். அந்தப் பத்தும் திறக்கவில்லை. லினக்ஸ் தன் தாள்களை விழுங்குகிறது என்றுதான் அப்போது நினைத்தாள்.

மறைக்கலாம் என்று ஒரு கணம் மனம் சொல்லியது. முப்பதாம் திகதிவரை நாள் இருக்கிறதே. ஆனால் மாடியில் வகுப்பு முடிந்து யோகராஜ் இறங்கி வந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாற்றச் சொன்னதே தான்தான், நானூறு தாளுக்கு மேல் திறக்கவில்லை, காரணமும் தெரியவில்லை என்றாள்.

அவர் கையில் ஒட்டியிருந்த சோக்குத் தூளைத் தட்டினார். "பழையதுக்கு ஒரு வருசக் காசு எண்டா நான் எங்கயாவது பாத்துப் பிரட்டுறன். நீர் அதுக்காக அழாதையும்."

"அழேல்ல, சேர். திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கோ."

அவள் அழவில்லை என்பது உண்மை. ஞாயிறு குருத்தோலைப் பூசையில்தான் கண் கலங்கியது. கிளறன்ஸ் பக்கத்தில் நின்று ஓலையை அவள் கையிலிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

திங்கள் பின்னேரம் மறுபடி கொம்பனித்தெரு. நோன்பு மாதம். ஸாலிஹ் களைத்துப்போய் மேசையில் கையூன்றி இருந்தார். செலீன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மடிகணினியைத் திறந்து, திறக்காத தாள்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் தன் கையால் எதையும் தட்டவில்லை. தளத்தின் பட்டியலில் பதினெட்டாம் ஆண்டுத் தாளுக்குப் பக்கத்தில் என்ன கோப்புப் பெயர் எழுதியிருக்கிறது, வாசியுங்கள் என்றார். வாசித்தாள். இப்போது சேர்வரில் கிடக்கிற கோப்பின் பெயரை வாசியுங்கள் என்றார். வாசித்தாள். இரண்டும் ஒன்றுதான் என்றாள்.

"வடிவாப் பாருங்கக்கா. முதல் எழுத்து."

ஒன்றில் ஆங்கிலப் பெரிய எழுத்து. மற்றதில் சின்ன எழுத்து.

"விண்டோஸுக்கு பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்டுதான்," என்றார் ஸாலிஹ். "லினக்ஸுக்கு அது ரெண்டு பேர். ஒண்ணும் காணாமப் போகல்ல. எல்லாம் உள்ளுக்க ஈக்கி."

செலீன் நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். இரண்டு வருடமாகக் கோப்பிலும் பட்டியலிலும் அந்தப் பெயர்களை வைத்த கை அவளுடையது. ஆறுதலாக இருந்த நாளில் பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கிறாள், அவசரமான நாளில் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் தட்டியிருக்கிறாள். விண்டோஸ் அதைக் கண்டும் காணாமல் விட்டிருக்கிறது. இது விடவில்லை. அவ்வளவுதான்.

நானூறு பெயரையும் கையால் மாற்றுவதா என்று கேட்டாள். தேவையில்லை, எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்க ஒரு வரிக் கட்டளை இருக்கிறது, பட்டியலிலும் அப்படியே செய்யலாம் என்றார் ஸாலிஹ். இரண்டு தாள் ஒரே பெயராகி ஒன்றை ஒன்று அழித்துவிடாதா என்று அவளுக்கு அடுத்த பயம். பழைய சேர்வர் அப்படி இரண்டு பெயரை முதலிலேயே ஏற்றிருக்காது, ஆகவே மோதாது என்றார் அவர். இருந்தாலும் அவள் முதலில் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்துவைத்தாள். பிறகு அவர் சொல்லச் சொல்லக் கட்டளையைத் தட்டினாள். தட்டியதை இரண்டு தரம் வாசித்தாள். அழுத்தினாள்.

திரை ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தது. பிறகு அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றது. பதினெட்டாம் ஆண்டுத் தாளைத் திறந்தாள். வந்தது. முதலாவது கணக்கு ஒரு தண்ணீர்த் தாங்கியின் கனவளவு. அந்தப் படத்தைக் கீறியது அவள்தான். பதினேழு வந்தது. கீழே கீழே போய் அழுத்தினாள், எல்லாம் வந்தன. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல ஒரு நீண்ட மூச்சு வந்தது. சனிக்கிழமையிலிருந்து தான் சரியாக மூச்சே விடவில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. ஸாலிஹ் பேரீச்சம்பழத்தைக் கடித்து, வீட்டிலிருந்து வந்த கஞ்சியில் ஒரு கோப்பையை அவளுக்கும் நீட்டினார். தவக்காலம், தான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று அவள் தயங்கினாள்.

"இண்டைக்கு இறைச்சி போடல்லக்கா. எங்க வாங்குற," என்று சிரித்தார் அவர்.

அந்தக் கஞ்சியை அவள் நின்ற நிலையிலேயே குடித்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாகப் பசித்தது.

புதுவருட விடுமுறையில், பிள்ளைகள் அவ்வளவாக எட்டிப்பார்க்காத ஒரு மத்தியானம், தளத்தின் விலாசத்தைப் புதிய சேர்வருக்குத் திருப்பினாள். பழைய கம்பனிக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் அனுப்பினாள். அலுவலகக் கணினியைப்பற்றி ஸாலிஹ் ஒன்று சொல்லியிருந்தார்: அதை விண்டோஸிலேயே விடுங்கள், பழைய தமிழ் எழுத்துருவில் நீங்கள் தட்டுகிற தாள்களுக்கு அதுதான் தோது, வீணாகக் குழப்பாதீர்கள் என்று. அவள் அதைக் கேட்டாள்.

மே பத்தாம் திகதி மாதிரிப் பரீட்சை வைப்பதாக யோகராஜ் முடிவெடுத்திருந்தார். தாள் இல்லாததால், ஹோலில் திரையில் வினாக்களைக் காட்டி, பிள்ளைகள் தங்கள் கொப்பியில் விடை எழுதுவதாக ஏற்பாடு. ஒன்பதாம் திகதி பிற்பகல் நகரத்தில் கலவரம் வெடித்து, நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். செலீன் எப்படியோ வீடு வந்து சேர்ந்தாள். கிளறன்ஸ் துறைமுகத்துக்குள் வேலையில் மாட்டிக்கொண்டான். பத்திரமாக இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னான். அடுத்து யோகராஜ் அழைத்தார். நாளைக்கு ஒருவராலும் வர முடியாது, எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் தளத்துக்குத்தான் வருவார்கள், தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்று நினைக்கிறேன் என்றாள். நிச்சயமாகத் தாங்கும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

செவ்வாய் காலை கொட்டாஞ்சேனை அவள் ஒருநாளும் கண்டிராத அமைதியில் இருந்தது. சாப்பாட்டு மேசையில் மடிகணினியை வைத்து, தொலைபேசியிலிருந்து இணையம் கொடுத்து, கறுப்புத் திரையைத் திறந்தாள். எவ்வளவு மெமரி மிச்சம் என்று காட்டும் கட்டளையைத் தட்டினாள். பாதிக்கு மேல் மிச்சம். ஒன்பது மணிக்கு வினாத்தாள் திறந்தது. பிள்ளைகள் வந்தார்கள். நூறு, இருநூறு, நானூறு. மெமரி இறங்கத் தொடங்கியது. தன் தொலைபேசியில் தளத்தைத் திறந்து பார்த்தாள். பக்கம் வராமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அவள் மாதாவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கட்டளையை மறுபடி மறுபடி தட்டினாள். சேர்வர் விழவில்லை. மூன்றாம் நிமிடம் பக்கம் வந்தது. தாளை எடுத்தவர்கள் எழுதப் போய்விட்டார்கள், நெரிசல் தானாகக் கலைந்தது. மிச்ச மெமரி மறுபடி ஏறி ஓரிடத்தில் நின்றது.

பத்து மணியளவில் கிராண்ட்பாஸிலிருந்து ஹபீலா என்ற தாய் அழைத்தாள். மகள் கணிதத்துக்குப் பயந்தவள் என்று முன்பு பல தடவை அழைத்து ஆலோசனை கேட்டவள். வெளியே ஒரு சத்தமும் இல்லை, வீட்டில் எல்லாரும் பயந்து இருக்கிறார்கள் என்றாள்.

"தாள் வந்துட்டு, மிஸ். மகள் எழுதிட்டு ஈக்கா. வேற ஒண்ணுமில்ல, சொல்லணும்போல இருந்திச்சு."

பிள்ளையைக் குழப்பாமல் எழுத விடுங்கள் என்றாள் செலீன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அறுநூற்றுப் பதினொரு பிள்ளைகள் தாளை இறக்கியிருந்தார்கள். மற்றவர்களுக்கு மின்சாரம் இல்லாமல் இருந்திருக்கும். தாளை மாலைவரை திறந்து விடுவதாக யோகராஜ் சொன்னார். அந்த எண்ணைக் கேட்டதும் மறுமுனையில் அதை ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர், "நீர் சாப்பிட்டிட்டு ஒரு நித்திரை கொள்ளும், செலீன்," என்றார். அதுதான் அவர் சொன்ன பாராட்டு. அவள் சோறும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, கதிரையிலேயே சாய்ந்து ஐந்து மணிவரை தூங்கினாள். கனவு ஒன்றும் வரவில்லை.

கிளறன்ஸ் இரண்டு நாள் கழித்துத் தாடியும் அழுக்குச் சட்டையுமாக வந்து சேர்ந்தான். பரீட்சை குறித்த திகதியில் நடந்தது. ஹபீலாவின் மகள் கணிதத்தில் சித்தி பெற்றாள், பெரிய சித்தி இல்லை, ஆனால் சித்தி.

அதற்குப் பிறகு செலீனிடம் வேறு ஆட்களும் வரத் தொடங்கினார்கள். ஒரு நடனப் பள்ளி, கொட்டாஞ்சேனையில் ஒரு பங்குக் கோயில், ஒரு புத்தகக் கடை. எல்லாரும் லைசன்ஸ் பணத்தை மிச்சம் பிடிக்க வந்தவர்கள். அவள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: உங்கள் தளம் எதை நம்பி எழுதப்பட்டிருக்கிறது? ஹெவ்லொக் டவுனில் பல் வைத்தியர் ஒருவரின் தளம் முழுக்க முழுக்க விண்டோஸை நம்பிச் செய்யப்பட்டிருந்தது. அதை மாற்றப் போனால் புதிதாகவே எழுதவேண்டும், இருக்கிறபடியே விடுங்கள், லைசன்ஸைக் கட்டுவதுதான் உங்களுக்கு மலிவு என்று சொல்லிவிட்டாள். வந்த வேலையை இப்படி அனுப்புகிறீர்களே என்று அவர் வியந்தார்.

"மாத்தி உங்கட நோயாளியளின்ர பதிவு ஒண்டு துலைஞ்சா எனக்கு நித்திரை வராது, டொக்டர்," என்றாள் அவள்.

இப்போதும் அவள் அந்தப் படிக்கீழ் அறையில்தான் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் சேர்வரைப் புதுப்பித்து மறுபடி இயக்கவேண்டியிருக்கும். முதலில் அதற்கு வாசல் கதவைப் பூட்டிவிட்டு, யாரும் பேசக்கூடாது என்று சொல்லிச் செய்தாள். இப்போது தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, மாடியிலிருந்து இறங்கும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே செய்கிறாள். சேர்வர் போய்த் திரும்பி வர ஒரு நிமிடத்துக்குக் குறைவாகத்தான் எடுக்கும். அந்த நேரத்தில் தேநீர் பாதி முடிந்திருக்கும்.